பிழைத்த கடை

அருளம்பலம் இறந்துபோன செய்தி எனக்கு ஒரு வேலையாகத்தான் வந்து சேர்ந்தது. ஊர்காவற்றுறையில் என் வீட்டுப் படலையடியில் சைக்கிளைச் சாத்திவிட்டு வந்த அவருடைய மைத்துனர் சிவலிங்கம், நான் காட்டிய கதிரையில் இருக்கவும் இல்லை.

“அண்ணை, அத்தான் முடிஞ்சுபோனார். மத்தியானம் சாப்பிட்டிட்டுச் சாய்மனைக் கதிரையிலை படுத்தவர், பேந்து எழும்பேல்லை. நாளைக்கு எடுக்கிறம். தீவுப்பக்கம் முழுக்க மைக்கிலை அறிவிக்கோணும்.”

“ஏன், அவரின்ரை மைக் எங்கை?” என்று கேட்டேன். துக்கச் செய்தி கொண்டுவந்தவரிடம் கேட்கிற கேள்வி அல்ல அது. ஆனால் அவரும் என்னைப்போல மைக் பிடிக்கிறவர், எனக்கு முதலில் வாயில் வந்தது அதுதான்.

“மைக் வீட்டிலை கிடக்கு. அதிலை கதைக்கிற ஆள்தானே போயிட்டார்” என்று சொல்லிவிட்டு சிவலிங்கம் அழுதார். நான் அவருடைய தோளில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். மனத்துக்குள் என்ன ஓடியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடைசியில் என்னிடம்தானே வர வேண்டியிருந்தது என்று ஓடியது.

வாடகைக் காரின் கூரையில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு வேலணை வழியாகப் புங்குடுதீவுக்குப் போனேன். “காலி நகரிலும் புங்குடுதீவிலும் வாழ்ந்தவரும், தீவுப்பகுதியெங்கும் அருளம்பலம் விளம்பரம் என்று அறியப்பட்டவருமான” என்று தொடங்கி அவருடைய புகழை என் வாயாலேயே ஊர் ஊராகச் சொன்னேன். கார் போகப் போக ரோட்டின் இரு பக்கமும் கடைக்காரர்கள் எழுந்து நின்று, துக்கத்துக்கு அடையாளமாகக் கடைக்கதவில் ஒரு பலகையைச் சாத்தினார்கள். என் குரலைக் கேட்டுக் கடை பூட்டுவது எனக்குப் புதிதல்ல. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். ஆனால் இத்தனை கடைகள் இவ்வளவு மரியாதையோடு பூட்டியது அவருக்காக மட்டும்தான். சாகிறதிலும் இந்த மனிதர் என்னை முந்திவிட்டார் என்று நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சடித்து வெளியிடுகிற கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தில் நானும் ஒரு கட்டுரை எழுத வேண்டும் என்று அவருடைய மனைவி தையல்நாயகி அக்கா சொல்லி அனுப்பினார். “தொழில்காரர் எண்டு அவருக்கு இருந்தது தங்கராசா ஒருத்தர்தான். அவர்தான் எழுதோணும்” என்றாராம். பிறப்பு, படிப்பு, தேவாரம் எல்லாம் மற்றப் பக்கங்களில் வரும். எனக்குத் தெரிந்தது அவருடைய தொழில். அந்தத் தொழிலில் அவரை நான் ஒரே ஒரு தடவை வென்றிருக்கிறேன். அந்த வெற்றியை இங்கே எழுதுவதா, எழுதாமல் வைத்துக்கொள்வதா என்பதுதான் பேனாவை எடுத்த நாள் முதல் எனக்குள் நடக்கும் வழக்கு. இதை வாசிக்கிற உங்களில் பாதிப் பேராவது அந்த வெற்றியை என் வாயாலேயே கேட்டிருப்பீர்கள்.

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்துக்கு முன்பு தீவுப்பகுதியில் விளம்பரம் என்றால் நான்தான். கடைக்குப் பெயர்ப்பலகை எழுதுவது, யாழ்ப்பாணத்து அச்சகத்தில் நோட்டீஸ் அடித்துக் கொடுப்பது, திருவிழாக்களில் மைக்கில் கடைப் பெயர் சொல்வது என்று எல்லாம் நான். கலவரத்தில் தெற்கே காலியில் கடையையும் வீட்டையும் விட்டு, உடுத்த உடுப்போடு கப்பலில் வந்து இறங்கியவர் அருளம்பலம். பாவம் என்றுதான் நானும் நினைத்தேன். சில மாதங்களில் புங்குடுதீவுச் சந்தியில் ஒரு பலகை எழும்பியது. நீலத்தில் மஞ்சள் எழுத்து: அருளம்பலம் விளம்பரம். எவ்வளவு இலகுவாக வாயில் ஓடுகிறது பாருங்கள். தகப்பன் பெயர் வைக்கும்போதே தொழிலையும் சேர்த்து வைத்துவிட்டார். என் பெயரோடு எதைச் சேர்த்தாலும் நொண்டுகிறது. ‘தங்கராசா விளம்பர சேவை’ என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவன் அடுத்த சந்திக்குப் போய்விடுவான். அவரிடத்தில் எனக்கு வந்த முதல் எரிச்சல் அதுதான்.

இரண்டாவது எரிச்சல் குறிகட்டுவானில் வந்தது. நயினாதீவில் ஒரு வேலைக்காகப் படகுக்கு நின்றபோது, துறைக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையின் நீள வாங்கில் அவர் உட்கார்ந்து இருந்தார். திரும்பி வந்தபோதும் அதே வாங்கில் இருந்தார். அடுத்த முறை போனபோதும் இருந்தார். வேலை வெட்டி இல்லாத மனிதர் என்று எனக்கு உள்ளூரச் சந்தோஷம்.

“என்ன ஐசே, படகைத் தவற விட்டிட்டீரோ?” என்று கேட்டேன்.

“இல்லை ஐசே. சனம் என்ன கொண்டு போகுது எண்டு பாக்கிறன்.”

“சாமான்தான் கொண்டு போகும்.”

“ஓம், சாமான்தான்” என்று சொல்லிச் சிரித்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ் அப்போதுதான் ஆட்களை இறக்கியது. நெடுந்தீவுக்குப் போகிற ஆண்கள் இரண்டு மூன்று பேர் சைக்கிள் ரயரைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு படகுக்கு நடந்தார்கள். கை இரண்டிலும் பை இருந்தால் ரயரைக் கழுத்தில்தான் போட வேண்டும். அதை நான் பிறந்த நாள் முதல் பார்த்திருக்கிறேன். அருளம்பலம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் நெடுந்தீவில் ஒருவர் சைக்கிள் சாமான் கடை திறந்தார். பலகை நீலத்தில் மஞ்சள். கடையைத் திறக்கச் சொன்னதே அருளம்பலம்தான் என்று பிறகு கேள்விப்பட்டேன். விளம்பரம் செய்யக் கடை தேடித் திரிகிறவன் நான். சனம் எதைத் தூரத்திலிருந்து தூக்கிச் சுமக்கிறது என்று பார்த்துவிட்டு, அதை விற்கப் போகிறவனைத் தேடிப் பிடிக்கிறவர் அவர். அந்தக் கடை இன்றைக்கும் நடக்கிறது. அவர் பார்த்த அதே ரயரை நானும் பார்த்தேனே என்பதுதான் எனக்குப் பல நாள் நித்திரையைக் கெடுத்தது.

எனக்கு வாடிக்கையாளர்கள் எப்படி வந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். மச்சான் கடை, சித்தப்பாவின் மருமகன் கடை, கூடப் படித்தவன் கடை. கேட்டவர்களுக்கு மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. வளையல் கடையா, சரி. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வளையல் கடையா, அதற்கும் சரி. நல்ல வடிவாகத்தான் எழுதிக் கொடுத்தேன். மைக்கிலும் தொண்டை கிழியச் சொன்னேன். ஆனால் ஒவ்வொன்றாகப் பூட்டினார்கள். ஊருக்கு வாய் சும்மா இருக்குமா? பூட்டுத் தங்கராசா என்று ஒரு பெயர் கிளம்பியது. அருளம்பலத்துக்குக் கைராசி, எனக்கு அது இல்லை என்று சந்தைக்குச் சந்தை கதைத்தார்கள். அனலைதீவில் ஒரு சோடாக் கடைக்காரர் திருவிழாவுக்கு முதல் நாள் என்னைத் தேடி வந்து, மிகவும் பணிவாக, “அண்ணை, குறை நினையாதேங்கோ. எங்கட கடைப் பேரை மட்டும் மைக்கிலை சொல்லிப்போடாதேங்கோ” என்றார். சொல்லாமல் விடுவதற்கு ஒரு போத்தல் சோடாவும் உடைத்துத் தந்தார். அதைக் குடித்தேன். கைராசி என்ற சொல்லை அன்றிலிருந்து என்னால் கேட்க முடிவதில்லை.

ஏனென்றால் அது கைராசி இல்லை என்று எனக்குத் தெரியும். அவருடைய எழுத்து என்னுடையதைவிட வடிவும் இல்லை. அவர் எழுதும் ‘ழ’ எப்போதும் கொஞ்சம் சரிந்தே இருக்கும். அவருடைய கெட்டித்தனம் எழுதத் தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடும். நிலைத்து நிற்கப் போகிற கடைக்குத்தான் அவர் தூரிகையை எடுப்பார். பிறகு அது நின்றால், அருளம்பலத்தாரின் கை என்று ஊர் சொல்லும். இதை நான் எத்தனையோ பேருக்கு விளக்கிப் பார்த்தேன். “அப்ப நீரும் அப்பிடிப் பாத்து எடுக்கிறதுதானே” என்று கேட்டார்கள்.

பாத்து எடுக்கிறது என்றால் என்ன என்பதை ஒரு பெரிய புடவைக்கடை விஷயத்தில்தான் கண்டேன். தெற்கில் பெரிதாக வியாபாரம் செய்து, கையில் மிச்சத்தோடு திரும்பி வந்த ஒரு முதலாளி வேலணைப் பக்கம் அந்தக் கடையைத் திறந்தார். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. தீவுப்பகுதி அதுவரை அப்படி ஒரு கடையைக் கண்டதில்லை. அருளம்பலத்தைக் கூப்பிட்டு, பலகை, நோட்டீஸ், மைக் எல்லாவற்றையும் வருடம் முழுக்க அவருக்கே தருவதாகச் சொன்னார். அருளம்பலம் ஒரு காலை முழுதும் கடை வாசலில் நின்றுவிட்டு, ஏலாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். முதலாளி கோபத்தோடு என்னிடம் வந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அருளம்பலம் விட்ட பெரிய மீன் என் வலையில் என்று பஸ்ஸில் போகிறவனையெல்லாம் பிடித்துச் சொன்னேன். ஒரு நாள் துறையில் அவரையும் பிடித்துக் கேட்டேன்.

“உமக்கு என்ன பயித்தியமோ? உப்பிடி ஒரு ஆளை ஆரும் விடுவினமோ?”

“ஐசே, அந்தக் கடைக்குச் சனம் வருது. நான் பாத்தனான். வந்து, வெறுங்கையோடை திரும்பிப் போகுது. சீலையை விரிச்சுக் காட்டச் சொன்னால் மடிப்புக் குலைஞ்சுபோம் எண்டு முதலாளி பேசுறார்.” தேத்தண்ணியை ஒரு முறடு குடித்துவிட்டுச் சொன்னார். “ஆள் வராத கடைக்கு விளம்பரம் செய்யலாம். ஆள் வந்து திரும்பிப் போற கடைக்குச் செய்யேலாது. நீர் கூட்டிக்கொண்டு போய் விடுற ஒவ்வொருத்தரும், கடை சரியில்லை எண்டு பத்துப் பேருக்குச் சொல்லுவினம். உம்மட மைக்கை விடச் சத்தமாய்ச் சொல்லுவினம்.”

என்னைச் சீண்டுவதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தேன். தீபாவளிக்குப் பிறகு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் ஒன்றும் இருக்கவில்லை. முதலாளி கொழும்புக்குப் போய்விட்டார். பூட்டுத் தங்கராசா என்ற பெயர் அதோடு எனக்கு முத்திரை குத்தியதுபோல ஆகிவிட்டது. எழுதக் கேட்டு வருகிறவர்கள் குறைந்து, பிறகு நின்றே போனார்கள். வீட்டில் பெயின்ற் தகரங்கள் மூடியோடு ஒட்டி இறுகிக் கிடந்தன.

என் மனைவி பரமேஸ்வரி கடை போட நினைத்தது அந்தக் காலத்தில்தான். எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பிள்ளையாவது ஜேர்மனிக்கோ சுவிசுக்கோ கனடாவுக்கோ போய்க்கொண்டிருந்தது. போகிற பிள்ளைக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூள், பயத்தம் உருண்டை, மோர்மிளகாய் என்று தாய்மார் கட்டிக் கொடுப்பார்கள். பரமேஸ்வரியின் தூளுக்கு அக்கம்பக்கத்தில் நல்ல பெயர். பொலித்தீன் பையில் போட்டு, வாயை மெழுகுதிரி நெருப்பில் பிடித்து ஒட்டி, அதை இன்னொரு பைக்குள் போட்டு மறுபடியும் ஒட்டுவாள். விமானத்தில் மூக்கை வைத்து மணந்தாலும் தெரியாது. வீட்டு முன் அறையைக் கடையாக்குவது என்று முடிவானது. பலகை எழுத நான் தகரத்தைத் திறந்து பெயின்றைக் கிண்டத் தொடங்கினேன்.

“இஞ்சருங்கோ, கோவிக்காதேங்கோ” என்றாள். “பலகையை அருளம்பலண்ணையைக் கொண்டு எழுதுவிப்பம். உங்கட கைராசி ஊருக்கே தெரியும்.”

கட்டின மனைவி. என் வீட்டு முன் அறை. அந்த ஆளின் நீலமும் மஞ்சளும். அன்று மத்தியானம் நான் சாப்பிடவில்லை. பரமேஸ்வரி அதைப் பொருட்படுத்தாமல் பஸ் ஏறிப் புங்குடுதீவுக்குப் போனாள். பின்னேரம் அருளம்பலமே அவளோடு வந்தார். எனக்குத் தலையை ஆட்டிவிட்டு அறையைப் பார்த்தார். தூளை உள்ளங்கையில் கொட்டி மணந்தார். ஒட்டின பையை ஒரு முழு நிமிடம் அமத்திப் பார்த்தார். நான் வேண்டுமென்றே எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

“என்னவாம்?” என்று கேட்டேன்.

“எழுதமாட்டாராம்” என்றாள் பரமேஸ்வரி. ஒட்டின பைகளை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

அந்த நேரம் எனக்கு வந்த கோபத்தை என்னால் எழுத முடியாது. ஆனால் கோபத்துக்கு அடியில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அருளம்பலம் மாட்டேன் என்றால் கடை ஓடாது என்று அர்த்தம். என் மனைவியின் தூளைப் பார்த்து, மணந்து, இது பூட்டப் போகிற கடை என்று அவர் முடிவு செய்துவிட்டார். சரி, காட்டுகிறேன் என்று இருந்து எழுதினேன். அப்படி ஒரு பலகையை நான் முன்னும் எழுதவில்லை, பின்னும் எழுதவில்லை. சிவப்பில் வெள்ளை எழுத்து, ஓரத்தில் மூன்று செத்தல் மிளகாய். ‘பரமேஸ் தூள், பலகாரம்’. மைக்கை எடுத்துக்கொண்டு, படகு ஓடாத நாட்களைத் தவிர எல்லா நாளும் துறை துறையாகப் போய்ச் சொன்னேன். ஊரடங்கை நீக்கியவுடனே முதலில் கேட்பது என் குரலாகத்தான் இருக்கும்.

கடை ஓடியது. ஓடியது என்றால் கொஞ்சநஞ்சம் அல்ல. நெடுந்தீவிலிருந்து படகு ஏறி வந்து வாங்கிப் போனார்கள். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்தாள். வருடம் திரும்பியது, கடை நிலைத்து நின்றது. இன்னொரு வருடமும் நின்றது. தங்கராசா எழுதின பலகை நிற்கிறதே என்று ஊர் திரும்பிப் பார்த்தது. முதலில் ஒரு தையல்காரர் வந்தார், பிறகு ஒரு றேடியோ திருத்துகிறவர். அனலைதீவுச் சோடாக் கடைக்காரரே வந்து, “அண்ணை, இந்தத் திருவிழாவுக்கு எங்கட பேரையும் ஒருக்காச் சொல்லுங்கோ” என்றார். பூட்டு என்ற அடைமொழி மெல்ல மெல்லக் கழன்று விழுந்தது. ஊருக்குத் தெரியாமல் நானும் ஒரு காரியம் செய்யத் தொடங்கியிருந்தேன். கேட்டவனுக்கெல்லாம் எழுதாமல், கடை வாசலில் போய் நின்று பார்த்துவிட்டு எழுதினேன். அதை யாரிடமிருந்து படித்தேன் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை.

மாறாக, ஒரு வசனத்தைத் தீவு தீவாகப் பரப்பினேன். ‘அருளம்பலத்துக்கே பிழைச்ச கடை.’ அருளம்பலத்தின் கணக்கே தவறிப்போன கடை என்று அர்த்தம். கலியாண வீட்டில் சொன்னேன், செத்த வீட்டில் சொன்னேன், படகில் சொன்னேன். என் மனைவியின் கடைக்கு அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது என்று ஒரு நியாயமும் வைத்திருந்தேன். உங்களில் பலர் அதைக் கேட்டுச் சிரித்தும் இருக்கிறீர்கள். அவருடைய முகத்துக்கு நேரேயும் சொன்னேன். குறிகட்டுவான் துறையில், அந்த வாங்கில் அவருக்குப் பக்கத்தில் இருந்து, சுற்றிலும் ஆட்கள் நிற்கும்போது கேட்டேன்.

“என்ன ஐசே, எங்கட கடைக்கு எழுதமாட்டன் எண்டீர். இப்ப என்ன சொல்லுறீர்?”

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். “ஓம் ஐசே. அந்தக் கடை பிழைச்சிட்டுது” என்றார்.

நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். தோல்வியை ஒத்துக்கொள்வதிலும் இந்த மனிதருக்கு ஒரு களை இருக்கிறதே என்று எனக்கு அந்த வெற்றியிலும் கொஞ்சம் எரிச்சல். அதற்குப் பிறகு எங்கள் பக்கம் வந்தால் கடைக்கு முன்னால் நின்று பலகையை அண்ணாந்து பார்ப்பார். “மிளகாய் நல்ல வடிவாய் வந்திருக்கு ஐசே. எரியுது” என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் இறந்த வாரத்திலும் அப்படித்தான் சொன்னார்.

செத்தவீடு முடிந்து வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இருந்தோம். தையல்நாயகி அக்கா கல்வெட்டுக்கு எழுதக் கேட்டதைப் பரமேஸ்வரியிடம் சொன்னேன். “எழுதத்தான் போறன். எல்லாருக்கும் பாத்துச் சொன்ன மனுசனுக்கு எங்கட கடை மட்டும் பிழைச்சுப்போச்சு. அதையும் ஒரு வரி எழுதோணும்” என்றேன். தலையைத் துவட்டிக்கொண்டிருந்தவள் துவாயைக் கீழே வைத்தாள்.

“அதை எழுதாதேங்கோ. அவருக்குப் பிழைக்கேல்லை.”

“என்ன சொல்லுறாய்?”

“நீங்கள் கிணத்தடிக்குப் போன நேரம் அவர் சொன்னதை நான் உங்களுக்குச் சொல்லேல்லை. இனி மறைச்சு என்ன.” அவள் அவருடைய குரலிலேயே சொன்னாள். “‘தங்கச்சி, இந்தக் கடை ஓடும். வாற சாமானைப் பாக்கிறதை விட்டிட்டு நான் இப்ப வெளிநாட்டுக்குப் போற சாமானைத்தான் பாக்கிறன். போற சனம் இருக்குமட்டும் உமக்குக் குறைவில்லை. ஆர் எழுதினாலும் இது நிக்கும். அப்ப ஏன் நான் எழுதோணும்? தங்கராசா எழுதட்டும். ஒரு கடை நிண்டாலே போதும், ஊர் வாயை மூடும்.’”

“அப்ப அதை எனக்கு ஏன் சொல்லேல்லை?” என்று கேட்டேன்.

“நானும் அவரை அதைத்தான் கேட்டனான். ‘அவருக்கு என்ன சொல்லுறது அண்ணை?’ எண்டு. ‘நான் மாட்டன் எண்டிட்டன் எண்டு மட்டும் சொல்லும். எரிச்சல் வந்தால் அவர் நல்ல வடிவாய் எழுதுவார்’ எண்டவர்.”

அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. நான் அவரை வாங்கில் பார்த்த காலமெல்லாம், அவர் என்னைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். ரயர் சுமக்கிறவனைப் பார்த்தது போல, சீலை விரிக்காத முதலாளியைப் பார்த்தது போல, நான் எதைச் சுமந்து திரிகிறேன் என்று பார்த்து, அதைக்கொண்டே ஒரு பலகையை எழுதுவித்திருக்கிறார். அவர் பார்த்து எடுத்த வாடிக்கையாளர்களில் நானும் ஒருவன். எனக்கே தெரியாமல் எனக்கு விளம்பரம் செய்திருக்கிறார்.

இதில் அவருக்கும் லாபம் இருந்திருக்கும் என்று பரமேஸ்வரியிடம் வாதாடிப் பார்த்தேன். தீவில் ஒருவனுடைய விளம்பரம் ராசியில்லை என்றால் மற்றவனுடைய விளம்பரத்திலும் சனத்துக்கு நம்பிக்கை குறையும்தானே என்றேன். “ஒரு மனுசன் செத்த பிறகும் அவரோடை போட்டியோ?” என்று கேட்டுவிட்டு அவள் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டாள். ஓம், போட்டிதான். உயிரோடு இருந்தால் ஓடிப்போய்ச் சண்டை பிடித்திருப்பேன். யாரைக் கேட்டு எனக்கு இந்த உபகாரம் செய்தீர் என்று கேட்டிருப்பேன். என்னிடம் இருந்த ஒரே ஒரு வெற்றியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அதுவும் அது முதலிலேயே அவருடையதுதான் என்று காட்டிவிட்டு.

எழுதாமல் விடலாம் என்றும் நினைத்தேன். பரமேஸ்வரி வெளியே சொல்லமாட்டாள். அருளம்பலத்துக்கே பிழைத்த கடை என்ற கதை நான் இருக்கும்வரைக்கும் ஓடும். அவரும் அதைக் குழப்ப வரமாட்டார். உயிரோடு இருந்தபோதே குழப்பவில்லை. ஆனால் அவருடைய மரணத்தை நான்தான் மைக்கில் அறிவித்தேன். அறிவிக்க வந்தவன் பாதியை அறிவித்துவிட்டுப் பாதியை மறைக்க முடியாது. அதனால் அவரை அறிந்த எல்லாருக்கும் இதன் மூலம் அறியத் தருகிறேன்: ஊர்காவற்றுறை, பரமேஸ் தூள், பலகாரம் கடை விஷயத்தில் அருளம்பலம் பிழைவிடவில்லை. எந்தக் கடை விஷயத்திலும் அவர் பிழைவிட்டதாக நான் அறியேன். இதைச் சொல்ல எனக்கு வாய்த்ததை நினைத்தால் இன்னும் எரிகிறது.

அவருடைய நீலமும் மஞ்சளும் பலகைகளில் இன்னும் சில வருடம் நிற்கும். பிறகு உப்புக்காற்று அவற்றைத் தின்றுவிடும். நான் அவரிடமிருந்து வைத்திருக்கப் போவது ஒரு சொல்லைத்தான். ‘அந்தக் கடை பிழைச்சிட்டுது.’ அன்று துறையில் எல்லாரும் சிரித்தபோது, தன் கணக்குப் பிழைத்ததைச் சொல்கிறார் என்று நானும் சேர்ந்து சிரித்தேன். சாகக் கிடந்த பிள்ளை எழும்பினாலும் நாங்கள் பிழைச்சிட்டுது என்றுதான் சொல்கிறோம் என்பது இந்தக் கட்டுரையை எழுத இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் எனக்காகப் பொய்கூடச் சொல்லவில்லை. கடை பிழைத்தது. அந்தக் கடையால் நானும் பிழைத்தேன். அவர் விஷயத்தில் கணக்குப் பிழைத்தவனும் நான்தான். இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதை எனக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தாரே மனிதர்.